எலும்புச் சீழும் சிறார் கால் எலும்புச் சீரமைப்பும்

ரத்தத்தின் வழியே வந்து தங்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் முதலிய கிருமிகளால் குழந்தைகளின் நீண்ட எலும்புகளுள் சீழ் கோத்து, எலும்பின் ஒரு பாகம் ரத்த ஓட்டமற்றுச் செத்துப்போகும் வியாதியே ஆஸ்டியோமைலிடிஸ் எனும் எலும்புச் சீழ் ஆகும். எலும்பு நீண்டு வளரும் இடமாகிய வளர்ச்சித் தகட்டை அடுத்த நுண்ணிய நாளங்களில் ரத்தம் மந்தமாகச் செல்வதால், முழங்காலை ஒட்டிய பகுதிகளிலேயே இது பெரும்பாலும் வேர்கொள்ளுகிறது.

விழுந்த பிள்ளையை வர்ம ஆசானிடம் தூக்கிச் செல்வது கன்னியாகுமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டில் நெடுநாளைய வழக்கம். எனினும் பிள்ளை காலை ஊன்ற மறுத்து, உடம்பு அனலாய்க் கொதித்து, முழங்காலுக்குக் கீழே தொட்டாலே வீறிட்டு அழுமாயின் அதனைச் சுளுக்கென்று கொண்டு தைலமிட்டு உருவுவது பெருந்தீங்கு. சீழை வடித்து மருந்தேற்றுவதற்குரிய முதல் சில தினங்கள் அவ்வாறே வீணாகின்றன. இம்மாவட்டத்தில் மேனாட்டு வைத்தியத்திற்குக் குறை இருந்ததில்லை: ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838-இல் நெய்யூரில் தொடங்கிய மிஷன் வைத்தியப் பணியில், 1922, 1924 ஆண்டுகளின் எவரெஸ்ட் பயணங்களில் பங்குகொண்ட சோமர்வெல் சஸ்திர வைத்தியராகப் பின்னர் பல்லாண்டு உழைத்தார், இன்று ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

நாட்பட்ட நோயில் புண் ஆறாமல் புரையோடி, செத்த எலும்புத் துண்டு உள்ளே தங்கிவிடும். அதைச் சுற்றி எலும்புறை புதிய எலும்பை ஓடுபோல் எழுப்பும் சக்தி குழந்தையின் சரீரத்தில் விசேஷமாக உண்டு. ஆகையால் அவ்வோடு உறுதிப்படுமுன் அவசரப்பட்டுத் துண்டை எடுப்பவர், காலைத் தாங்க எதுவுமில்லாத இடைவெளியையே மிச்சம் வைக்கக்கூடும். இங்கே பொறுமையும் சிகிச்சையின் ஓர் அங்கமே.

இடைவெளி நேர்ந்துவிட்டால் அதை அடைக்க வழிகள் பல. அமெரிக்க வைத்தியர் ஹண்டிங்டன் 1905-இல் வெளியிட்ட முறைப்படி, பக்கத்திலுள்ள மெல்லிய புற எலும்பாகிய ஃபிபுலாவைப் பெரிய எலும்பாகிய டிபியாவின் இடத்திற்கு நகர்த்திப் பொருத்தலாம். பிள்ளை நடக்க நடக்க, பாரம் தாங்கும் அந்த மெல்லெலும்பு ஆண்டுக்காண்டு பருத்து, ஏறக்குறைய டிபியாவின் கனத்தையே அடைவது வியக்கத்தக்கது. ரஷ்ய வைத்தியர் இலிசரோவின் வளையச் சட்டமோ, அறுத்த எலும்பை நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டர் வீதம், அதையும் நான்கு தவணையாகப் பிரித்து, மெல்ல நகர்த்திப் புதிய எலும்பு விளையச் செய்கிறது. 6 சென்டிமீட்டர் இடைவெளிக்கு நகர்த்தல் மட்டுமே 60 நாட்கள், அது இறுகப் பின்னும் சில மாதங்கள். பிரெஞ்சுக்காரர் மாஸ்கலேயின் முறையில் எலும்புச் சிமென்டு சுமார் 6 முதல் 8 வாரம் இடைவெளியில் இருந்து, தன்னைச் சுற்றி ஒரு சவ்வை உண்டாக்க, அச்சவ்வுக்குள் வேறிடத்து எலும்பு நிரப்பப்படும். எம்முறையாயினும் சீழ் முற்றும் ஒழிந்த பின்னரே இடைவெளி அடைக்கப்படல் வேண்டும்.

வளர்ச்சித் தகடு பழுதுற்றிருந்தால், எலும்பு கூடிய பின்னும் கால் குட்டையாகவோ கோணலாகவோ வளரக்கூடுமாதலால், வளர்ச்சி நிற்கும் பிராயம் வரை பிள்ளையை ஆண்டுதோறும் வைத்தியரிடம் காட்டிவர வேண்டும்.