இருமாறிச் சார்புகளின் பரப்பு வரைபடம்

இரண்டு மாறிகளைக் கொண்ட ஒரு கணிதச் சார்பின் மதிப்பை உயரமாக எடுத்துக்கொண்டு வரையப்படும் முப்பரிமாணப் படம் பரப்பு வரைபடம் எனப்படும். தளத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் எக்ஸ், ஒய் என இரண்டு எண்கள் உண்டு. அவற்றைச் சார்பில் இட்டால் கிடைக்கும் எண் இசட். அந்த அளவு உயரத்தில், அது குறை எண்ணாக இருந்தால் அந்த அளவு ஆழத்தில், ஒரு புள்ளி வைக்கப்படுகிறது. எல்லாப் புள்ளிகளும் சேர்ந்து மேடு பள்ளங்களுடைய ஒரு பரப்பாகின்றன. இன்று இலவச மென்பொருள்களைக் கொண்டு இதைப் பள்ளிக் கணினியிலும் கைபேசியிலும் நொடியில் வரையலாம். ஆனால் எந்த மென்பொருளும் பரப்பு முழுவதையும் கணக்கிடுவதில்லை. சில புள்ளிகளில் மட்டும் கணக்கிட்டு, இடைவெளிகளைத் தானே நிரப்பிக்கொள்கிறது. இந்தப் படங்களின் வசதி, வரம்பு இரண்டுக்கும் இதுவே காரணம்.

வரலாறு

கணினி வருவதற்கு முன் பரப்புகளைக் கையால் செய்தார்கள். அமெரிக்க அறிவியலர் கிப்ஸ், நீர் போன்ற பொருள்களின் வெப்ப இயக்கவியல் பண்புகளை ஒரு பரப்பாகக் காணலாம் என்று 1873இல் எழுதினார். அதைப் படித்த இயற்பியலர் மேக்ஸ்வெல் 1874இல் அந்தப் பரப்பைப் பாரிஸ் சாந்தில் வடித்து, அதன் ஒரு படியைக் கிப்ஸுக்கே அனுப்பிவைத்தார். அதே காலத்தில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஃபீலிக்ஸ் கிளைன், அலெக்சாண்டர் பிரில் ஆகியோரின் வழிகாட்டுதலில் மாணவர்கள் கணிதப் பரப்புகளுக்குச் சாந்து மாதிரிகள் செய்தனர். பல்கலைக்கழகங்கள் அவற்றை விலைக்கு வாங்கி வகுப்பறைகளில் வைத்தன.

கணினியில் பரப்பு வரைவதைப் பரவலாக்கிய இலவச மென்பொருள்களில் மூத்தவற்றுள் ஒன்று நூபிளாட். தாமஸ் வில்லியம்ஸ், காலின் கெல்லி ஆகியோர் 1986இல் அதைத் தொடங்கினர். பைத்தான் மொழிக்கான மேட்பிளாட்லிப்பை ஜான் ஹண்டர் 2003இல் வெளியிட்டார். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோகன்வார்ட்டர் உருவாக்கிய ஜியோஜீப்ராவில், 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து முப்பரிமாண வசதி உள்ளது. டெஸ்மாஸ் நிறுவனத்தின் முப்பரிமாணக் கணிப்பான் 2023இல் வந்தது.

வரையும் முறை

முதலில் எக்ஸ், ஒய் எல்லைகள் வரையறுக்கப்பட்டு, அந்தச் செவ்வகம் கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. கட்டத்தின் ஒவ்வொரு முனையிலும் சார்பின் மதிப்பு கணக்கிடப்படுகிறது. அடுத்தடுத்த முனைகளை இணைத்துச் சிறு முக்கோணங்களோ நாற்கரங்களோ அமைக்கப்படுகின்றன. பிறகு பார்வைக் கோணத்துக்கு ஏற்ப எல்லாம் தட்டைத் திரையில் வீழல்களாக மாற்றப்படுகின்றன. முன்னிருக்கும் பகுதி பின்னிருப்பதை மறைப்பதும், உயரத்துக்கேற்ப நிறம் கொடுப்பதும் கடைசி வேலைகள்.

இதற்குத் தனி மென்பொருள்கூடத் தேவையில்லை; எக்செல் போதும். மேல் வரிசையில் எக்ஸின் மதிப்புகளாக −2 முதல் 2 வரையிலான முழு எண்களையும், இடப் பத்தியில் ஒய்யின் மதிப்புகளாக அதே எண்களையும் இட வேண்டும். இசட் = எக்ஸ்² − ஒய்² என்ற சூத்திரத்தை ஒரு கட்டத்தில் எழுதி, எக்ஸுக்கு வரிசையையும் ஒய்க்குப் பத்தியையும் டாலர் குறியால் பூட்டி, மற்றக் கட்டங்களுக்கு இழுத்துவிட்டால் 25 மதிப்புகள் கிடைக்கும். நடு வரிசையில் 4, 1, 0, 1, 4 என்றும், நடுப் பத்தியில் −4, −1, 0, −1, −4 என்றும் எண்கள் வரும். அட்டவணையைத் தேர்ந்தெடுத்துப் பரப்பு வகை விளக்கப்படத்தைக் கேட்டால் படம் தயார்.

நடு வரிசையில் பூச்சியம்தான் மிகச் சிறியது; நடுப் பத்தியில் அதே பூச்சியம் மிகப் பெரியது. இத்தகைய புள்ளி சேணப் புள்ளி எனப்படும். மலைக் கணவாய்கள் இந்த வடிவமே. செங்கோட்டையிலிருந்து புனலூருக்குச் செல்லும் வழியில் உள்ள ஆரியங்காவுக் கணவாய், சாலையில் வருபவருக்கு ஏற்றத்தின் உச்சி. மலைமுகட்டை ஒட்டி நடப்பவருக்கோ இறக்கத்தின் அடி. மாறாக, கழித்தலுக்குப் பதில் கூட்டல் உள்ள எக்ஸ்² + ஒய்² என்ற சார்பு கிண்ணம்போல் குழிந்த பரவளையகத்தைத் தருகிறது.

கல்வியில் பயன்பாடு

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணித நூலின் ‘வகையீடுகள் மற்றும் பகுதி வகைக்கெழுக்கள்’ என்ற பாடத்தில் மாணவர்கள் இருமாறிச் சார்புகளைச் சந்திக்கின்றனர். ஒய்யை மாறிலியாகக் கொண்டு எக்ஸைப் பொறுத்து வகையிடும்போது, உண்மையில் பரப்பை ஒரு செங்குத்துத் தளத்தால் வெட்டி, வெட்டுமுகத்தில் தெரியும் வளைகோட்டின் சாய்வைக் காண்கிறோம். கரும்பலகையில் காட்டக் கடினமான இதை ஜியோஜீப்ராவில் ஸ்லைடரை நகர்த்தி, வெட்டும் தளம் பரப்பின் குறுக்கே போவதாகக் காட்டலாம். 2018 முதல் வந்த புதிய பாடநூல்களின் இணையச் செயல்பாடு பக்கங்களில் ஜியோஜீப்ரா பயிற்சிகள் இடம்பெற்றுள்ளன. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் ஜியோஜீப்ரா, சைலேப், பைத்தான் போன்றவற்றுக்கான ஒலி-ஒளிப் பாடங்களை இந்திய மொழிகளில் இலவசமாக வழங்குகிறது.

படம் தவறாகக் காட்டும் இடங்கள்

சைன் (π எக்ஸ்) × சைன் (π ஒய்) என்ற சார்பின் பரப்பு முட்டைத் தட்டுபோல் மேடும் குழியுமாக இருக்கும். ஆனால் கட்ட முனைகளை முழு எண்களில் மட்டும் வைத்தால் எல்லா மதிப்பும் பூச்சியமாகி, திரையில் தட்டைத் தளம்தான் தெரியும். நூபிளாட் தன்னியல்பாக ஒவ்வொரு திசையிலும் 10 கோடுகளையே வரைகிறது. மேட்பிளாட்லிப்பின் பரப்பு வரைபடம் திசைக்கு 50 வரை எடுத்துக்கொள்கிறது. வேகமாக அலையும் சார்புகளுக்கு இவற்றைக் கூட்டியாக வேண்டும்.

கட்டத்தை நெருக்கினாலும் தீராத சிக்கல் வேறொன்று. எக்ஸ் ஒய் ÷ (எக்ஸ்² + ஒய்²) என்ற சார்புக்கு ஆதிப்புள்ளியில் எல்லை மதிப்பு கிடையாது. அச்சுகள் வழியாக நெருங்கினால் 0; எக்ஸ் = ஒய் கோட்டின் வழியாக நெருங்கினால் 0.5; எக்ஸ் = −ஒய் வழியாக நெருங்கினால் −0.5. கட்ட முனை ஆதிப்புள்ளியிலேயே விழுந்தால், பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்க நேர்ந்து பிழைச் செய்தியோ ஓட்டையோ வரும். முனைகள் அதைச் சுற்றி ±0.5 தொலைவில் விழுந்தால் நான்கு மூலைகளிலும் 0.5, −0.5, 0.5, −0.5 என்று மதிப்புகள் வரும். மென்பொருள் அவற்றை வழவழப்பாக இணைத்து, ஒரு சிறு சேணத்தைக் காட்டிவிடும். முனைகளை ±0.05 தொலைவுக்குக் கொண்டுவந்தாலும் அதே நான்கு எண்கள்தான். கட்டம் பத்தில் ஒன்றாகச் சுருங்கியும் மூலைகளின் உயர வேறுபாடு சற்றும் குறையாதிருப்பதே தொடர்ச்சியின்மைக்கு அடையாளம்.

நிறமும் தவறாக வழிநடத்தலாம். வானவில் நிற வரிசையில், சார்பில் இல்லாத விளிம்புகள் இருப்பதுபோல் கண்ணுக்குப் படும். மேட்பிளாட்லிப் 2017இல் வந்த 2.0 பதிப்பில் அதைக் கைவிட்டு, சீராக ஒளிகூடும் விரிடிஸ் நிற வரிசையை இயல்பாக்கியது.

நிலத்தின் பரப்பு

சூத்திரம் இல்லாமல் அளந்த எண்களைக் கொண்டும் பரப்பு வரையலாம். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ராடார் மூலம் திரட்டிய உயரத் தரவு சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் பொதுப் பயன்பாட்டில் உள்ளது. 2005இல் ஏவப்பட்ட கார்டோசாட்-1 செயற்கைக்கோளின் படங்களிலிருந்து இஸ்ரோவும் இத்தகைய தரவைத் தயாரித்துள்ளது.

சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் இடையிலுள்ள இளையரசனேந்தல் போன்ற கரிசல் ஊர்களை வரையும்போது, மேற்சொன்ன கவனம் அத்தனையும் வேண்டும். எல்லாத் திசைகளிலும் ஒரே அளவுகோலைக் கொண்டால் சமவெளி விரித்த தாள்போலத் தெரியும். ஓடைகளின் சரிவு தெரிய வேண்டுமானால் உயரத்தைப் பல மடங்கு பெருக்க வேண்டும். அப்போது மெல்லிய சரிவும் மலைச்சரிவாகத் தோன்றும். சில மீட்டர் அகலமே உள்ள கண்மாய்க் கரை 30 மீட்டர் இடைவெளியில் மழுங்கிப்போகலாம். எனவே இத்தகைய படத்தோடு கட்ட இடைவெளி, உயரம் பெருக்கப்பட்ட மடங்கு இரண்டையும் குறிப்பிட வேண்டும். சம உயரக் கோட்டுப் படம் ஒன்றையும் பக்கத்தில் வைத்தால், முன்னிருக்கும் மேடு மறைத்த பகுதியையும் படிக்க முடியும்.