பேரு வட்டம்... ஆளு செவ்வகம்!

கன்னியாகுமரிக்குப் போகிறவர்கள் விவேகானந்தர் பாறையோடு திரும்பிவிடாதீர்கள். வடகிழக்கே ஐந்தாறு கிலோமீட்டர் போனால் வட்டக்கோட்டை. 1741-ல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பிறகு அவருக்கே தளபதியான டச்சுப் படைவீரர் டிலனாயின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கடலோரக் கோட்டை. போனதும் ஒரு சின்ன ஏமாற்றம் காத்திருக்கும். வட்டக்கோட்டை வட்டமாக இல்லை. செவ்வகம்!

பெயருக்கும் உருவத்துக்கும் சம்பந்தமில்லை என்று கருங்கல் கோபித்துக்கொள்ளாது. கம்ப்யூட்டர் கோபித்துக்கொள்ளும்.

அதற்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எண் எந்த எழுத்து என்ற ஒப்பந்தம்தான் என்கோடிங். தொண்ணூறுகளில் தமிழில் இது ஆளுக்கொன்று. ஒரு ஃபான்ட்டில் அடித்த கடிதம் இன்னொரு ஃபான்ட்டில் கோழி கிளறிய மாதிரி தெரியும். இணைய ஆர்வலர்கள் கூடி ‘டிஸ்கி’ கண்டார்கள். 1999-ல் தமிழக அரசு ‘டாம்’, ‘டாப்’ என்று இரண்டு தரங்களை அறிவித்தது. 1991-லேயே யுனிகோடில் தமிழ் ஏறியிருந்தும், அரசு அதைத் தரமாக ஏற்றது 2010-ல்தான்.

நடுவே 1998-ல் வந்த எக்ஸ்.எம்.எல். ஒரு நல்ல பழக்கத்தைக் கொண்டுவந்தது. ‘நான் இன்ன என்கோடிங்கில் இருக்கிறேன்’ என்று ஃபைலே தன் முதல் வரியில் சொல்லிவிடலாம். சொல்லாவிட்டால் பெரும்பாலும் யு.டி.எஃப்-8 என்றே எடுத்துக்கொள்ளப்படும்.

‘வட்டக்கோட்டை’யையே எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு ஏழு எழுத்து. யுனிகோடுக்குப் பன்னிரண்டு குறியீடு. யு.டி.எஃப்-8-ல் 36 பைட், யு.டி.எஃப்-16-ல் 24. இப்போது புரோகிராமர் என்ன செய்கிறார்? முதல் வரியில் ஒன்றைச் சொல்லிவிட்டு, உள்ளே வேறொன்றில் சேமித்துவிடுகிறார். டாட் நெட்டில் ‘ஸ்ட்ரிங் ரைட்டர்’ வழியாக எழுதினால் இது தானாகவே நடக்கும். தலைப்பு வரி யு.டி.எஃப்-16 என்று வந்து நிற்கும். அதை அப்படியே யு.டி.எஃப்-8 ஃபைலாகச் சேமித்தால் போச்சு... படிக்கிற மென்பொருள் முதல் வரியிலேயே ‘முடியாது’ என்று கைவிரித்துவிடும். அறிவிப்பை மட்டும் திருத்திப் பிரயோஜனமில்லை. எழுதுகிற கருவியிடமும் அதே என்கோடிங்கைச் சொல்லியாக வேண்டும்.

இதெல்லாம் புரோகிராமர் பாடு என்று விட்டுவிடாதீர்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தான் பழைய முறையில் ஏற்றிய இலக்கியங்களை யுனிகோடுக்கு மாற்றிக் காப்பாற்றிக்கொண்டது. உங்கள் வீட்டுப் பரணில் அப்பா டைப் செய்த கதையோ, குடும்ப வரலாறோ பழைய ஃபைலாகக் கிடக்கலாம். அது எந்த ஃபான்ட்டில் அடித்தது என்று தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும்போதே கேட்டு, முதல் வரியில் எழுதி வைத்துவிடுங்கள்.