மஞ்சள் இலையும் ரெண்டு பிரெஞ்சுக்காரங்களும்

காரைக்கால்மேட்டுல இருந்துகிட்டு கடல் மீனை விட்டுட்டுத் தொட்டியைப் பத்தி எழுதுறானேன்னு அடிக்க வராதீங்க. மீன் கூட இல்லை, தொட்டிச் செடியைப் பத்தின பதிவு இது.

என் அமேசான் ஸ்வோர்டு செடியில புது இலையெல்லாம் மஞ்சளாவே வந்தது. நரம்பு மட்டும் பச்சை. நைட்ரஜன் உரமா ஊத்தினேன். கண்ணாடி முழுக்கப் பாசி பிடிச்சதுதான் மிச்சம்.

விடை பழைய கதையில இருந்தது. காரைக்கால் 1954 வரைக்கும் பிரெஞ்சுக்காரங்க கையில இருந்த ஊர். அந்த ஆட்சி நடந்த 1840-கள்ல, பிரான்ஸ்ல யூசெப் கிரி என்ற வேதியியலாளர் மஞ்சளான இலையில இரும்பு உப்புக் கரைசலைத் தடவினார். இலை பச்சையாச்சு! 1857-ல அவர் மகன் ஆர்தர், இரும்பு குறைஞ்சா இலைக்குள்ள பச்சையத் துணுக்குகள் சரியா உருவாகாததை மைக்ராஸ்கோப்புல பார்த்தார். 1860 வாக்குல ஜெர்மனியில யூலியுஸ் சாக்ஸ் மண்ணே இல்லாம, உப்பு கரைச்ச தண்ணியில செடி வளர்த்தார். ஒவ்வொரு சத்தா நிறுத்திப் பார்க்க அப்பதான் வழி பிறந்தது.

நைட்ரஜன் குறைஞ்சா செடி பழைய இலையில இருந்து உருவி புதுசுக்குக் கொடுக்கும். அடி இலை மஞ்சளாகும். இரும்பை அப்படி உருவ முடியாது, குருத்துதான் வெளுக்கும்.

துருப்பிடிச்ச ஆணியைப் போடலாமேன்னு கேட்காதீங்க (போட்டுப் பார்த்தாச்சு). எங்க போர் தண்ணி மாதிரி காரத் தண்ணியில இரும்பு கரையாம படிஞ்சிடும். அதனால கிலேட் இரும்பு வாங்கி ஊத்தினேன். மூணாவது வாரம் குருத்து பச்சை.

பக்கத்து வீட்டு அண்ணன் தொட்டியில அடி இலைதான் மஞ்சள். மிச்சமிருந்த நைட்ரஜன் பாட்டிலை அவர்கிட்ட கொடுத்துட்டேன்.