கண்ணுக்குள் யார் பேசுகிறார்கள்?



"ஈ.ஆர்.ஜி. டெஸ்ட் என்றால் கண்ணுக்குள் கரண்ட் விடுவதா சார்?" என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். இல்லையப்பா. ஒளி பட்டதும் கண்ணே எழுப்பும் மிகச் சிறிய மின்சாரத்தை அளப்பதுதான் அது. அந்த மின்சாரம் எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடிக்க நூறு வருடம் ஆயிற்று.

1865-ல் சுவீடனின் உப்சாலாவில் ஹோம்கிரென், தவளையின் கண்ணில் மின்முனைகளை வைத்து ஒளி காட்டினார். கால்வனாமீட்டர் முள் அசைந்தது. பார்வை நரம்பின் வேலை என்றுதான் முதலில் நினைத்தார். மின்முனைகளைக் கண்ணின் வெவ்வேறு இடங்களுக்கு மாற்றிப் பார்த்த பிறகே, ஊற்று விழித்திரை என்று தெளிந்தது. எடின்பரோவில் டீவாரும் மெக்கென்ட்ரிக்கும் இதே அசைவைத் தனியாகக் கண்டார்கள். (தெர்மாஸ் பிளாஸ்குக்கு மூலமான குடுவையைச் செய்த அதே டீவார்தான்!)

ஆனால் விழித்திரை அடுக்கடுக்கானது. ஒளியை வாங்கும் குச்சி, கூம்பு செல்கள் ஓர் அடுக்கு. அவற்றிடம் செய்தி வாங்கும் இருமுனைச் செல்கள் அடுத்த அடுக்கு. பதிவிலோ முதலில் ஒரு பள்ளம், உடனே ஒரு மேடு. ஏ அலை, பி அலை என்பார்கள். எது யாருடையது?

1933-ல் ஆக்ஸ்போர்டில் ராக்னர் கிரானிட், பூனைக்கு ஈதர் மயக்கத்தைக் கூட்டிக்கொண்டே போனார். மொத்த அலையின் பகுதிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. மறைந்த வரிசையிலேயே அவற்றுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் கொடுத்தார். எல்லோரும் சேர்ந்து கத்தும் வகுப்பில் ஒவ்வொருவராக வெளியே அனுப்பி, யார் குரல் எது என்று பார்க்கிற வேலைதான். 1967-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

எனக்கு அதைவிடப் பிடித்தது 1960-களில் பிரவுனும் வாட்டனாபேயும் குரங்கின் கண்ணில் செய்தது. விழித்திரைக்கு இரண்டு பக்கமிருந்து ரத்தம் வருகிறது. உள் அடுக்குகளுக்கு விழித்திரைத் தமனி. குச்சி, கூம்புகளுக்குப் பின்னால் உள்ள படலம். அவர்கள் முன்னதை மட்டும் அடைத்தார்கள். பி அலை போய்விட்டது, ஏ அலை நின்றது. ஆக, ஏ அலை குச்சி, கூம்புகளுடையது. பி அலை பெரும்பாலும் இருமுனைச் செல்களால் எழுவது என்பது பிறகு உறுதியாயிற்று.

இது வெறும் ஆராய்ச்சிக்கூடச் சண்டை இல்லை. மாலையானால் தடுமாறும் இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவனுக்கு இரண்டு அலைகளுமே சுருங்கியிருந்தால் குச்சி செல்களே அழிந்துவரும் நோயாக இருக்கலாம். வருடங்கள் போகப் போகப் பார்வை குறுகும். மற்றவனுக்கு ஏ அலை நன்றாக இருந்து பி அலை மட்டும் எழவில்லை என்றால், பிறவியிலேயே வந்து, பெரும்பாலும் அதே நிலையில் நின்றுவிடும் மாலைக்கண்ணாக இருக்கலாம்.