பாட்சி க்ளைனின் பன்னிரண்டு பாடல்கள்

'பாட்சி க்ளைன்ஸ் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்பது அமெரிக்காவின் டெக்கா நிறுவனம் 1967இல் வெளியிட்ட இசைத்தட்டு. அதிலுள்ள பன்னிரண்டு பாடல்களும் ஏற்கெனவே வெளிவந்தவை. பாடியவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் கன்ட்ரி இசைத் தொகுப்புகளில் இதைப்போல் நிலைத்தவை மிகச் சில.

தொகுப்பு என்ற வடிவம் பிறந்ததற்கு அன்றைய வணிகமுறையே காரணம். 1950களில் கன்ட்ரி இசை பெரும்பாலும் நிமிடத்துக்கு 45 முறை சுற்றும் இசைத்தட்டுகளாகவே விற்றது. பக்கத்துக்கு ஒரு பாடல். வானொலி நிலையங்களும், காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ்களும் அந்தச் சிறிய தட்டுகளைத்தான் நம்பியிருந்தன. மோகம் தணிந்ததும் அவை கடைகளிலிருந்து மறைந்துவிடும். கொலம்பியா நிறுவனம் 1948இல் கொண்டுவந்த எல்.பி. தட்டில் பன்னிரண்டு பாடல்கள் வரை அடங்கின. சிதறிக் கிடந்த வெற்றிப் பாடல்களை ஒரே எல்.பி.யில் சேர்த்தால் புதிதாகப் பதிவுச் செலவு இல்லை. கேட்பவருக்கும் பிடித்தவை ஒரே இடத்தில் கிடைக்கும். 1958இல் வந்த ஜானி மாத்திஸின் தொகுப்பு பல ஆண்டுகள் விற்பனைப் பட்டியலில் நின்று இந்த வழியின் பலனைக் காட்டியது.

பாட்சி க்ளைனின் இயற்பெயர் வர்ஜீனியா பேட்டர்சன் ஹென்ஸ்லி. 1932இல் வர்ஜீனியா மாநிலத்தின் வின்செஸ்டரில் பிறந்தார். 1954இல் ஃபோர் ஸ்டார் என்ற நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். அந்நிறுவனம் உரிமை வைத்திருந்த பாடல்களை மட்டுமே அவர் பாட வேண்டும் என்பது நிபந்தனை. அந்த ஆண்டுகளில் அவருக்குக் கிடைத்த பெரிய வெற்றி ஒன்றே ஒன்று: 1957இல் ஆர்தர் காட்ஃப்ரேயின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடிப் புகழ்பெற்ற 'வாக்கின் ஆஃப்டர் மிட்நைட்'. அது கன்ட்ரி பட்டியலில் 2ஆம் இடத்தையும் பாப் பட்டியலில் 12ஆம் இடத்தையும் பிடித்தது.

1960இல் ஒப்பந்தம் முடிந்து அவர் நேரடியாக டெக்காவில் சேர்ந்ததும் நிலைமை மாறியது. தயாரிப்பாளர் ஓவன் பிராட்லியின் நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் 'குவான்செட் ஹட்' என்று பெயர். அது வளைந்த தகரக் கூரை கொண்ட கொட்டகை. அங்கு கன்ட்ரி இசைக்கு வழக்கமான ஃபிடிலின் இடத்தைப் பியானோவும் வயலின் குழுவும் ஜோர்டனேர்ஸ் குழுவின் பின்குரல்களும் எடுத்துக்கொண்டன. 'நாஷ்வில் சவுண்ட்' எனப் பெயர் பெற்ற இந்த மென்மையான பாணியை க்ளைன் முதலில் விரும்பவில்லை. ஆனால் ஹாங்க் காக்ரனும் ஹார்லன் ஹோவர்டும் எழுதிய 'ஐ ஃபால் டு பீசஸ்' 1961இல் கன்ட்ரி பட்டியலின் முதலிடத்துக்குப் போனது.

அதே ஆண்டு ஜூன் மாதம் கார் விபத்தில் அவர் படுகாயமடைந்தார். ஆகஸ்டில் ஊன்றுகோலுடன் வந்து, அப்போது அதிகம் அறியப்படாத வில்லி நெல்சன் எழுதிய 'கிரேஸி' பாடலைப் பதிவுசெய்ய முயன்றார். மூன்று மணி நேரத்தில் நான்கு பாடல்களை முடிப்பது அன்றைய நாஷ்வில் வழக்கம். அன்றோ விலா எலும்பின் வலியால் மேல் சுரங்களை எட்ட முடியவில்லை. வாத்தியங்களை மட்டும் பதிந்து வைத்து, குரலைப் பின்னொரு நாளில் சேர்த்தார்கள். பாடல் கன்ட்ரி பட்டியலில் 2ஆம் இடத்தையும் பாப் பட்டியலில் 9ஆம் இடத்தையும் அடைந்தது. அடுத்து வந்த 'ஷீஸ் காட் யூ' மீண்டும் முதலிடம் பெற்றது.

1963 மார்ச் 5 அன்று, கான்சாஸ் சிட்டியில் நிதி திரட்டும் நிகழ்ச்சியில் பாடிவிட்டுத் திரும்பும் வழியில், டென்னசி மாநிலத்தின் கேம்டன் அருகே சிறு விமானம் விழுந்து க்ளைன் இறந்தார். வயது 30. வாழ்நாளில் வெளிவந்த அவருடைய எல்.பி.க்கள் மூன்றுதான். அதே ஆண்டில் டெக்கா 24 பாடல்களுடன் இரட்டைத் தட்டுத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. 1967இல் அதைவிடச் சிறியதாக, ஒற்றைத் தட்டாக வந்ததே 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்'.

இதில் பாடல்கள் கால வரிசைப்படி அடுக்கப்படவில்லை. 'வாக்கின் ஆஃப்டர் மிட்நைட்' தவிர மற்றப் பதினொன்றும் 1960 நவம்பருக்கும் 1963 பிப்ரவரிக்கும் இடையில் பிராட்லியுடன் முதன்முதலாகப் பதிந்தவை. எனவே இந்தத் தட்டைக் கேட்பவருக்குத் தெரிவது முதிர்ந்த க்ளைன் மட்டுமே. தன் குரலுக்கேற்ற பாடலின்றி அவர் திணறிய ஃபோர் ஸ்டார் ஆண்டுகளின் சுவடு இதில் ஏறக்குறைய இல்லை.

1973இல் க்ளைன், கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேமில் தனிப் பாடகியாக இடம்பெற்ற முதல் பெண் ஆனார். 1980இல் அவர் ஒரு பாத்திரமாக வரும் 'கோல் மைனர்ஸ் டாட்டர்' திரைப்படமும், 1985இல் அவரது வாழ்க்கையையே சொல்லும் 'ஸ்வீட் ட்ரீம்ஸ்' திரைப்படமும் புதிய தலைமுறையைக் கடைகளுக்கு அனுப்பின. அவர்களுக்கு அங்கே எளிதாகக் கிடைத்தது இந்தத் தொகுப்புதான். சி.டி. வடிவில் விற்பனை மேலும் பெருகி, அமெரிக்காவில் மட்டும் 1 கோடிப் பிரதிகளுக்கான வைரச் சான்று கிடைத்தது.

1991இல் 104 பாடல்களுடன் நான்கு சி.டி.க்களாகக் கால வரிசைப்படி வந்த தொகுப்பு, விடுபட்டுப் போன தொடக்க ஆண்டுகளை மீண்டும் முன்வைத்தது. ஆய்வாளர்கள் நாடுவது அதை. க்ளைனை முதன்முறை கேட்பவர் கையில் இன்றும் பெரும்பாலும் வந்துசேர்வது 1967இன் பன்னிரண்டு பாடல்களே.