நொக்ஸின் மூட்டையில் இருந்தவை

காட்டிலே தனித்து விடப்பட்ட ஒருவன் எப்படி உயிர் பிழைக்கிறான் என்பதை வைத்து உருவாக்கப்படும் கணினி விளையாட்டுகளுக்கு இன்று உலகெங்கும் பெருங்கூட்டம் சேர்ந்திருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் ரொறன்ரோவிலும் நமது பிள்ளைகள் இரவிரவாக இவற்றில் மூழ்கிக் கிடக்கிறார்கள். விளையாடுவதோடு அவர்கள் நிறுத்திக்கொள்வதில்லை. விளையாட்டு உண்மையை ஒத்திருக்கிறதா என்று தமக்குள் ஓயாமல் வாதிடுகிறார்கள். ஒரு வேளை உண்ணாவிட்டால் மனிதன் இவ்வளவு விரைவாகச் சோர்ந்து போவானா? பத்து மரம் வெட்டியதும் கோடாலி உடைந்துவிடுமா? ஓநாய் காரணமின்றி மனிதன் மேல் பாயுமா? பரீட்சைக்குப் படிக்காத பிள்ளைகள் இதற்காக உணவுச் சக்தியின் கணக்கையும் குளிரின் அளவையும் தேடிப் படிக்கிறார்கள் என்பதைக் கேட்டபோது எனக்கு வியப்பாகவும் ஓரளவு மகிழ்ச்சியாகவும் இருந்தது.

இந்த வகையில் பெயர்பெற்றது கனடாவின் ஹின்டர்லான்ட் நிறுவனம் உருவாக்கிய ‘தி லோங் டார்க்’. 2014இல் முன்னோட்டமாகவும் 2017இல் முழுமையாகவும் வெளிவந்தது. வட கனடாவின் பனிக்காடுதான் களம். உடற்சூடு, களைப்பு, தாகம், பசி என்று நான்கு அளவுகள் எந்நேரமும் குறைந்துகொண்டே இருக்கும். சுமக்கக்கூடிய எடைக்கு 30 கிலோ என்று ஒரு வரம்பு உண்டு. இறந்தால் இறந்ததுதான், மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்த எண்களைப் பற்றித்தான் வாதங்கள் பெரும்பாலும் நடக்கின்றன.

எண்கள் சரியா பிழையா என்பதை மருத்துவர்கள் சொல்லட்டும். எனக்கு எழுந்த கேள்வி வேறு. இலங்கையின் வடமேற்குக் கரையில், புத்தளத்துக்கும் மன்னாருக்கும் இடைப்பட்ட காட்டிலும் மணலிலும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சென்றவர்களைப் பற்றி எழுத்தில் பதிவுகள் இருக்கின்றன. அவற்றின் அருகே இந்த விளையாட்டுகளை வைத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது?

முதலில் நினைவுக்கு வருபவர் ரொபர்ட் நொக்ஸ். 1660இல் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் தந்தையோடும் கப்பல் ஊழியர்களோடும் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களால் பிடிக்கப்பட்ட ஆங்கிலேய இளைஞர் அவர். தந்தை மறு ஆண்டே காய்ச்சலில் இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் மலைநாட்டில் சிறையில்லாச் சிறையாக வாழ்ந்தார். 1679 செப்டெம்பர் 22ஆம் திகதி ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழரோடு புறப்பட்டு, அநுராதபுரத்தை அடைந்து, ஒக்டோபர் 12ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குள் இறங்கினார். நமது மக்கள் அருவி ஆறு என்று அழைக்கும் மல்வத்து ஓயாவின் கரையோடு நடந்து, 18ஆம் திகதி சனிக்கிழமை மாலை நான்கு மணியளவில் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். அரிப்பு இன்று மன்னார் மாவட்டத்தில் இருக்கிறது. புத்தளம் மாவட்டத்தின் வட எல்லையிலிருந்து அதிக தூரமில்லை. வில்பத்துக்கு வடக்கே பரந்து கிடந்த அதே வறண்ட காட்டைத்தான் நொக்ஸ் கடந்தார்.

1681இல் லண்டனில் வெளிவந்த தமது நூலில், மூட்டையில் என்னென்ன கொண்டு சென்றோம் என்பதை அவர் வரிசையாகச் சொல்கிறார். பத்து நாளுக்கான அரிசி, உலர்ந்த மான் இறைச்சி, தண்ணீருக்குச் சுரைக்குடுவைகள், கூடாரமாக விரிப்பதற்குப் பெரிய தாளிப்பனை ஓலை இரண்டு, சர்க்கரைக் கட்டி, புகையிலை, வெற்றிலை. ஒன்று பழுதானாலும் இன்னொன்று உதவும் என்று ஒன்றுக்கு மேற்பட்ட தீத்தட்டிப் பெட்டிகள். முள் தைக்காமல் பாதணி செய்துகொள்ள ஒரு மான் தோல். நீண்ட தடியில் கட்டிய சிறு கோடாலியும் இடையில் ஒரு கத்தியும் ஆளுக்கொன்று. கடவுளுக்கு அடுத்தபடியாக எங்கள் கால்களையே நம்பியிருந்தோம் என்று தோலுக்குக் காரணமும் சொல்கிறார். இந்தப் பட்டியலை இன்றைய விளையாட்டுக்காரர் ஒருவரிடம் காட்டினால் நொக்ஸைத் தம் கூட்டத்தில் ஒருவராகவே ஏற்றுக்கொள்வார்.

தண்ணீர் பற்றிய பகுதியும் அப்படியே. குழிகளில் தேங்கிக் கலங்கிய மழைநீரைக் குடித்ததால் முந்திய பயணங்களில் காய்ச்சல் அவரை விடாமல் வாட்டியிருக்கிறது. உள்ளூர் மக்கள் சொன்ன மருந்தாக, உலர்ந்த கஞ்சா இலையைச் சர்க்கரையோடு சேர்த்துக் காலையும் மாலையும் வெறும் வயிற்றில் உண்டதாகவும், அதனால் நலம் பெற்றதாகவும் எழுதுகிறார். மருந்தின் மேல் அவருக்கிருந்த நம்பிக்கை நமக்கு வேண்டியதில்லை. இங்கிலாந்து திரும்பியபின் அந்த இலையைப் பற்றி விஞ்ஞானி ரொபர்ட் ஹூக்கிடம் சொல்ல, 1689இல் ஹூக் அரச கழகத்தில் அதைப் பற்றி உரையாற்றினார் என்பது சுவையான கிளைக்கதை.

ஆனால் நூலைத் தொடர்ந்து படிப்பவர் ஒன்றைக் கவனிப்பார். காட்டுக்குள் இருந்தது ஆறு நாள். அந்த ஆறு நாளுக்கான ஆயத்தம் பல ஆண்டு. மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான் என்று தலைச்சுமை வியாபாரியாக வடக்கு நோக்கி மீண்டும் மீண்டும் சென்று, ஊரவரோடு பேசிப் பேசியே அவர் வழியை அறிந்தார். மூன்று நான்கு ஆண்டுகள் மழை பொய்த்ததால் காத்திருக்கவும் நேர்ந்தது. காட்டுக்குள் அவரை மிகவும் அச்சுறுத்தியது யானையோ முதலையோ அல்ல, மனிதக் குரல். ஆட்களின் பேச்சு கேட்டதும் இருவரும் மரப்பொந்துக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். இறுதியில் கரைசேர்த்ததும் மனிதர்தாம். தமிழர் வாழும் பகுதிக்குள் வந்தபோது நொக்ஸுக்குத் தமிழ் தெரியாது. அங்கிருந்தவர்களுக்குச் சிங்களம் தெரியாது. ஆற்றங்கரையில் சோறு சமைத்துக்கொண்டிருந்த இரு பிராமணர்கள் இவர்களைக் கண்டு இரங்கி, சமைத்ததில் பங்கு கொடுத்தார்கள். சிறிது பணமும் கத்தியும் கொடுத்து வழித்துணையும் பெற்றார்கள். மூட்டையில் வெற்றிலையும் புகையிலையும் இருந்ததன் பொருள் இங்கேதான் புரிகிறது. அவை பசி தீர்க்க மட்டும் கட்டப்பட்டவை அல்ல. எதிர்ப்படும் மனிதரிடம் நீட்டுவதற்கும் அவையே உதவும்.

இதைத்தான் இன்றைய விளையாட்டுகளில் நான் காணவில்லை. ‘தி லோங் டார்க்’ விளையாட்டின் தனி வாழ்வுப் பகுதியில் பேசுவதற்கு உயிருள்ள இன்னொரு மனிதர் நெடுங்காலம் இருந்ததேயில்லை. பிற்சேர்க்கை ஒன்றில்தான் வானொலி வழியே பண்டமாற்றுச் செய்யும் வியாபாரி ஒருவர் வந்தார். பசியின் வேகத்தைப் பற்றி ஆயிரம் முறை வாதிட்டவர்கள், காடு ஏன் ஆளற்றுக் கிடக்கிறது என்று கேட்பது அரிது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நொக்ஸின் கதையை டானியல் டிபோ நன்கறிந்திருந்தார். 1720இல் வெளியிட்ட ‘கப்டன் சிங்கிள்டன்’ நாவலில் அதைச் சுருக்கியே சேர்த்திருக்கிறார். அதற்கு முந்திய ஆண்டு வெளிவந்த ‘ரொபின்சன் குரூசோ’வுக்குத் தூண்டுதலானவர்களில் நொக்ஸும் ஒருவர் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அப்படியானால், சந்தையும் கோயிலும் வன்னியர் ஆட்சியும் நிறைந்த ஒரு நாட்டின் கதை டிபோவின் கையில் ஆளற்ற தீவாக மாறி, அங்கிருந்து கணினித் திரைக்கு வந்திருக்கிறது.

புத்தளக் கரை ஒருபோதும் ஆளற்றதாக இருக்கவில்லை. வில்பத்துக்குள் அடங்கும் பொன்பரப்பியில் பெருங்கற்காலத் தாழிகள் கிடைத்திருக்கின்றன. அவற்றை ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு அறிஞர்கள் ஒப்பிடுகிறார்கள். அதற்கு வடக்கே குதிரைமலை. உரோமப் பேரரசன் குளோடியஸ் காலத்தில் அன்னியஸ் புளோக்காமஸ் என்பவரின் ஆள் ஒருவர் அராபியக் கரையிலிருந்து காற்றால் அடித்துவரப்பட்டு, பதினைந்தாம் நாள் ‘ஹிப்புரி’ என்னும் துறையில் கரையேறினார் என்று பிளினி எழுதுகிறார். கிரேக்கத்தில் ‘ஹிப்போஸ்’ என்றால் குதிரை. ஆகவே அது குதிரைமலைதான் என்பார் பலர். கரையேறியவர் என்ன செய்தார்? மரம் வெட்டிக் குடிசை கட்டவில்லை. ஆறு மாதம் அரசனின் விருந்தினராக இருந்து மொழியைக் கற்றுக்கொண்டார்.

1344இல் புத்தளத்துக்கே வந்து இறங்கிய இபன் பதூதாவின் கதையும் இதைப் போன்றதே. அவர் ‘பத்தாலா’ என்று குறிப்பிடும் ஊரில் ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்றார். மன்னருக்குப் பாரசீகம் விளங்கியது. பாவா ஆதம் மலைக்குப் போக வேண்டும் என்று மட்டும் பதூதா கேட்டார். பல்லக்கும், ஆண்டுதோறும் அந்த யாத்திரை செல்லும் யோகிகள் நால்வரும், பிராமணர் மூவரும், வேறு பதின்மரும், உணவு சுமக்கப் பதினைந்து பேரும் கொடுத்தனுப்பினார் மன்னர். எடை வரம்பைப் பற்றிய கவலை அவருக்கு இருந்திராது.

அந்தப் பயணத்தை விவரிக்கும்போது பதூதா ஒரு பழங்கதையையும் சொல்கிறார். ஷேக் அபூ அப்துல்லா என்ற ஞானியும் முப்பது பக்கீர்களும் மலைவழியில் பசியால் வாடினார்கள். ஷேக் தடுத்தும் கேளாமல் மற்றவர்கள் யானைக்குட்டி ஒன்றைக் கொன்று தின்றார்கள். இரவில் யானைகள் திரண்டு வந்து ஒவ்வொருவராக மோந்து பார்த்து, தின்றவர்களைக் கொன்றன. தின்னாத ஷேக்கைத் தூக்கிச் சென்று ஊருக்கருகே இறக்கிவிட்டன. விளையாட்டு அமைப்பவர்கள் யாராவது இந்த விதியைச் சேர்த்துப் பார்க்கலாம். வேட்டைக்கு ஒரு கணக்கு இருக்கிறது என்பதை அது பசி அளவைவிட நன்றாகச் சொல்லும்.

இந்தக் கரையின் அண்மைக்கால வரலாற்றைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. 1990 ஒக்டோபர் இறுதியில் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம் மக்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். கொண்டு செல்லக்கூடிய பணத்துக்கும் பொருளுக்கும் வரம்பு விதிக்கப்பட்டது. மன்னார்த் தீவிலிருந்து பெருந்தொகையானோர் படகுகளில் கடல்வழியே கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினர். மற்றவர்கள் தரைவழியாக வந்தார்கள். பிறந்த மண்ணிலிருந்து ஒருவர் எவ்வளவு சுமந்து செல்லலாம் என்பதை இங்கே முதுகின் வலு தீர்மானிக்கவில்லை. ஆயுதம் ஏந்திய மனிதர்கள் தீர்மானித்தார்கள். வந்தவர்களை ஏற்றதும் மனிதரே. புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் தென்னந்தோட்டங்களையும் திறந்துவிட்டார்கள். முகாம்களில் ஒரு தலைமுறையே வளர்ந்தது. ஏற்றவருக்கும் வந்தவருக்கும் இடையே நிலத்துக்காகவும் வேலைக்காகவும் பின்னர் கசப்புகளும் எழுந்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

வில்பத்துக் காட்டைக் களமாகக் கொண்ட நாவல் ஒன்று 2003இல் ஆங்கிலத்தில் வெளிவந்து அவ்வாண்டின் கிரேஷியன் பரிசைப் பெற்றது. நிஹால் டி சில்வா எழுதிய ‘தி ரோட் ஃப்ரம் எலிபன்ட் பாஸ்’. இராணுவ அதிகாரி ஒருவரும் புலிகள் இயக்கப் பெண் ஒருவரும் ஒருவரையொருவர் நம்பாமலே அந்தக் காட்டை ஒன்றாகக் கடக்கிறார்கள். பறவைகளைப் பற்றிய அறிவு இருவருக்கும் பொதுவாக இருப்பது தெரியவரும்போது அவர்களுக்கிடையே பேச்சு தொடங்குகிறது. உணவு தேடுவதும் தண்ணீர் தேடுவதும் அதில் நுணுக்கமாக எழுதப்பட்டிருக்கின்றன. எழுதியவர் அந்தக் காட்டை நன்கறிந்தவர்.

2006 மே மாதம் அதே வில்பத்துக்குள் அவர் சென்ற வாகனம் கண்ணிவெடியில் சிக்கியது. உடன் சென்றவர்களோடு அவரும் உயிரிழந்தார். பூங்கா மூடப்பட்டு, போர் முடிந்தபின் 2010இல் மீண்டும் திறக்கப்பட்டது. இப்போது அங்கே ஜீப்பில் போகிறவர்கள் விரும்பிய இடத்தில் இறங்கி நடக்க அனுமதி இல்லை. குதிரைமலை முனை போன்ற சில இடங்களில் மட்டும் இறங்கி, செம்மண் மேட்டில் நின்று கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.