பாதையின் கரிக்கணக்கு

பாதை அமைப்பதற்கு முன்னர் அதற்காகும் பொருட்செலவைக் கணக்கிடுதல் நெடுநாளைய வழக்கம். அவ்வேலையினால் வானிற் கலந்து புவியை வெப்பமூட்டும் காபனீரொட்சைட்டைக் கணக்கிடும் வழக்கமோ மிக அண்மையிலேயே தோன்றியது.

1824ஆம் ஆண்டில் ஜோசப் அஸ்ப்டின் என்னும் ஆங்கிலேயர் போட்லண்ட் சீமெந்துக்கு ஆக்கவுரிமை பெற்றார். பிற்காலத்துப் பாலங்களும் சுரங்கப் பாதைகளும் பெரும்பாலும் சீமெந்தைக் கொண்டே எழுந்தன. அதன் மூலப்பொருள் சுண்ணாம்புக்கல். தூய சுண்ணாம்புக்கல் 100 தொன் நீறாகும்வரை சுடப்பட்டால், அக்கல்லினின்றே 44 தொன் காபனீரொட்சைட்டு வெளியேறும். சூளையில் எரியும் எரிபொருளின் புகை இதற்கு வேறு. ஆகவே முதல் வண்டி ஓடுமுன்னரே பாதையின் கடன் தொடங்கிவிடுகின்றது.

இக்கடனைக் குறைக்குமாறு 2013இல் பிரித்தானியத் திறைசேரி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதற்கான நியமம் 'பாஸ் 2080' என்னும் பெயரில் 2016இல் வெளிவந்தது. சீமெந்து, உருக்கு முதலியவற்றில் ஒரு தொன்னை ஆக்க எவ்வளவு வாயு எழுகின்றதெனக் கண்டு, பயன்படும் அளவாற் பெருக்கிக் கூட்டுவதே கணக்கின் அடிப்படை. சீமெந்தின் ஒரு பகுதிக்குப் பதிலாக இரும்புலைக் கசட்டைச் சேர்த்தல் குறைக்கும் வழிகளுள் ஒன்று. ஆயினும், வரைபடம் முடிந்தபின் குறைக்கக்கூடியது சிறிதே. புதிய பாதை வேண்டுமா, பழையதைச் செப்பனிட்டாற் போதுமா என்னும் வினா முதலிலேயே எழவேண்டும். பெருங்குறைப்பு அங்கேதான் இயலும்.